மிச்சம் பிடிப்பது யார்?

போன வாரம் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. மாதம் பத்தாயிரம் மிச்சம் பிடிக்க இருபது வழிகளாம். இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒரு தம்பி ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்: மாவை வீட்டிலேயே அரையுங்கள், மிளகாய்ப்பொடியை வீட்டிலேயே காயவைத்து அரைத்துக்கொள்ளுங்கள், காய்கறியைச் சந்தைக்குப் போய் வாங்குங்கள், பாத்திரம் கழுவ ஆள் வைக்காதீர்கள், அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். எண்ணிப் பார்த்தேன். இருபதில் பதினாறு என் தலையில் விழுகிற வேலை. குழுவில் இருக்கிற சித்தப்பா, மாமா, மச்சான் அத்தனை பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

நான் சிக்கனத்துக்கு எதிரி இல்லை. திருச்சியில் வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள், மாமியார், கடை ஒன்றில் கணக்கு எழுதுகிற வேலை, வீட்டுக்காரருக்கு ஒரு தனியார் கம்பெனியில் வேலை. சிக்கனம் பண்ணாமல் இருபதாம் தேதியைத் தாண்ட முடியாது. ஆனால் கணக்கு எழுதியே பிழைக்கிறவள் என்பதால் ஒன்று கண்ணை உறுத்துகிறது. வீட்டில் மிச்சமாகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் யாரோ ஒருத்தர் உடம்பு உழைக்கிறது. அந்த ஆளின் நேரத்தைச் செலவுப் பக்கத்தில் எழுதாமல் மிச்சம் என்று சொன்னால் அது பொய்க்கணக்கு.

மாவையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம் போட்டு அரைத்தால் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு வருகிறது. எனக்கு ஆகிற செலவு தொண்ணூறு ரூபாய்க்குள். எங்கள் தெருக்கடையில் பாக்கெட் மாவு கிலோ 45, ஆக மூன்று கிலோவுக்கு 135. மிச்சம் 45 ரூபாய். இதற்கு ஊறப்போட்டு, களைந்து, உளுந்து பொங்கப் பொங்கத் தண்ணீர் தெளித்து, அரிசியைப் போட்டு, வழித்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து, கடைசியில் கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவி வைக்கிற வரை ஒன்றேகால் மணி நேரம். எல்லாம் ஆபீஸ் விட்டு வந்த பிறகு. அந்தக் கல்லைத் தூக்கித்தான் அத்தையின் முதுகு போனது, பிசியோதெரபிக்கு நாங்கள் கட்டியது எத்தனை வருட மாவுக் காசு என்று நானும் கணக்குப் போடவில்லை, போட்டால் வயிறு எரியும். இன்றைக்கும் வீட்டில்தான் அரைக்கிறேன், அது வேறு விஷயம். பாக்கெட் மாவு இரண்டாம் நாளே புளித்துவிடுகிறது, சின்னவன் மூக்கைச் சுளிக்கிறான். ஆனால் இப்போது கல்லைக் கழுவுவது வீட்டுக்காரர். முதல் வாரம் அவர் கழுவிவிட்டு, "இதுக்குப் பேசாம பாக்கெட்டே வாங்கிடலாமே" என்றார் பாருங்கள், பத்து வருஷமாக 45 ரூபாயைப் பெரிய சேமிப்பாகப் பேசிக்கொண்டிருந்த மனுஷன்!

இதற்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்கிறேன். யாருடைய முதுகும் ஒடியாமல், ஒருமுறை செய்துவிட்டு மறந்துபோகிற சிக்கனம். எங்கள் வீட்டில் அது ஃபேன்.

ஈ.பி. பில் நம்மூரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 என்கிற எண்ணின் விஷம் பலருக்குத் தெரியாது. 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியபோது உட்கார்ந்து போட்ட கணக்கு இது: சரியாக 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! காரணம், 500க்குள் இருக்கிறவர்களுக்கு 101 முதல் 200 வரை யூனிட் 2 ரூபாய் 25 காசுதான், 500ஐத் தாண்டியவுடன் அந்தச் சலுகை பறிபோய் அந்த நூறு யூனிட்டுக்கும் 4 ரூபாய் 50 காசு என்று ஆகிவிடுகிறது, போதாததற்கு 501 முதல் 600 வரை யூனிட் 8 ரூபாய், அதற்கு மேல் போனால் இன்னும் அதிகம். 2024இல் இன்னும் கொஞ்சம் ஏறியது. காசு மாறலாம், ஆனால் 500 என்கிற வேலியைத் தாண்டினால் அடி விழும் என்கிற கணக்கு எனக்கு அப்படித்தான் மண்டையில் ஏறியது.

எங்கள் வீட்டில் கோடையில் 560, 570 என்று ஓடிக்கொண்டிருந்தது. லைட்டை அணை, லைட்டை அணை என்று பிள்ளைகளைத் துரத்திக்கொண்டிருந்தேன். 9 வாட் எல்இடி பல்பு. பத்து மணி நேரம் மறந்து எரிந்தாலும் ஒரு யூனிட்கூட ஆகாது. தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த பழைய சீலிங் ஃபேனை ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அது 75 வாட். ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டுக்கு மேல், இரண்டு மாதத்தில் 63 யூனிட். அதுவும் ஒரு ஃபேனுக்கு. பிஎல்டிசி என்கிற, கரண்டு குறைவாக இழுக்கிற மோட்டார் வைத்த ஃபேன் அதே வேகத்துக்கு 30 வாட் பக்கம்தான் எடுக்கிறது, இரண்டு மாதத்துக்கு 25 யூனிட். மூன்று ஃபேன் மாற்றினால் நூறு யூனிட்டுக்கு மேல் குறையும். ஒன்று மூவாயிரம் ரூபாய் என்றவுடன் வீட்டில் பெரிய சண்டை. "ஓடுற ஃபேனைக் கழட்டிட்டுப் புது ஃபேனா, இதுக்குப் பேரு சிக்கனமா?" என்று அத்தை கேட்டார். 2023 தீபாவளி போனஸில் ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, அடுத்த சித்திரையில் ஒன்று என்று மாற்றினோம். அந்தக் கோடை பில் 500க்குள் நின்றது. பிள்ளைகளைத் துரத்துவதை நிறுத்திவிட்டேன், அது தனி லாபம்.

(இதற்கு முன் இருந்த வீட்டில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அங்கே சப் மீட்டர். வீட்டு ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று மொத்தமாகப் போட்டு வாங்குவார், முதல் யூனிட்டிலிருந்து. அரசாங்கம் கொடுக்கிற 100 இலவச யூனிட் அவர் கணக்கில், நம் வேர்வை நம் கணக்கில். வாடகை வீடு பார்க்கப் போகிறவர்கள் சமையலறை எந்தத் திசை என்று பார்ப்பதற்கு முன்னால் தனி மீட்டரா என்று கேளுங்கள்.)

கேஸ் விஷயம் சுருக்கமாக. பருப்பை அரை மணி நேரம் ஊறவைப்பது, குக்கரில் அடியில் பருப்பு, நடு அடுக்கில் அரிசி, மேலே உருளைக்கிழங்கு என்று ஒரே விசிலில் முடிப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரி பிடித்தால் பர்னர் ஓட்டை அடைத்திருக்கிறது, ஒரு குண்டூசியால் குத்தி விட்டாலே நீலம் திரும்பும். நான் சொல்ல வருவது வேறு. சிலிண்டர் வரும்போது எடை போட்டுத்தான் வாங்குகிறேன். காலி சிலிண்டரின் எடை அதன் மேல்பக்க வளையத் தகட்டிலேயே எழுதியிருக்கும், எங்களுக்குப் போன முறை வந்ததில் 15.3. அதோடு கேஸ் 14.2 சேர்த்து 29.5 காட்ட வேண்டும். எடை போட்டுக் காட்டச் சொல்வது நம் உரிமை. முதல்முறை கேட்டபோது அந்தத் தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தார், எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. இப்போது நான் கதவைத் திறக்கும்போதே தராசைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

ரேஷன் கடைக்குப் போவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு, லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில். வெளியில் பருப்பு என்ன விலை என்று பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். ரேஷன் அரிசியைச் சோறாக வடித்தால் எங்கள் வீட்டில் இறங்காது, தோசைக்கு ஊறப்போட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அப்புறம் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எனக்குப் போக வர மிச்சமாகிற இருபது, இருபத்தைந்து ரூபாயை ஓசி என்று கிண்டல் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காசில்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் தென்னூர் உழவர் சந்தைக்குப் போய் வாரத்துக்கான காய் வாங்கி வருகிறேன். ஆறரை மணிக்குள் போனால்தான் கீரை வாடாமல் கிடைக்கும், எட்டு மணிக்கு மேல் போனால் அதே விலைக்கு மிச்சம் மீதிதான்.

சரி, இதையெல்லாம் செய்கிற அதே வீட்டில் ஓட்டை எங்கே இருக்கிறது தெரியுமா? ஒரு வருஷம் நோட்டுப் போட்டு எழுதினேன். கொத்தமல்லிக் கட்டில் ஐந்து ரூபாய் பேரம் பேசியதில் வருஷத்துக்கு ஐந்நூறு மிச்சமாகியிருந்தால் அதிகம். ஓடிக்கொண்டிருந்த வண்டியை மாற்றி எடுத்த புது பைக்கின் வட்டி மட்டும் பதினெட்டாயிரம். சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்கு, போன முறை அவர்கள் செய்ததற்குப் பதில் மொய், கூடவே ஒரு கிராம் மோதிரம். தெருவில் ஒருத்தர் நடத்திய தீபாவளிப் பலகாரச் சீட்டில் மாதம் ஐந்நூறு கட்டிக்கொண்டிருந்தோம், புரட்டாசியில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். ரசீது என்று ஒரு அட்டை, அதில் அவர் இனிஷியல். எங்கே போய்க் கேட்பது? பைக், மொய், சீட்டு மூன்றையும் முடிவு பண்ணியது நான் இல்லை. பெரிய செலவு கூடத்தில் முடிவாகிறது, சின்னச் சிக்கனம் அடுப்படியில் நடக்கிறது. மாதக் கடைசியில் கை கடித்தால் கேள்வி மட்டும் அடுப்படிக்கு வரும்: "எண்ணெய் அதுக்குள்ள தீந்துடுச்சா?"

நான் இப்போது போஸ்ட் ஆபீசில் ஆர்.டி. கட்டுகிறேன். மாதம் ஆயிரம். வட்டி 6.7 சதவீதம், ஐந்து வருடம் முடியும்போது 71 ஆயிரத்துச் சொச்சம் வரும். யாரும் இதைக் கேட்டு வாயைப் பிளக்க மாட்டார்கள், தெரியும். ஆனால் புரட்டாசியில் போஸ்ட் ஆபீஸ் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடாது.

என் அம்மாவுக்கு ஆர்.டி. எல்லாம் கிடையாது. சிறுவாடுதான். அப்பா காய்கறிக்குக் கொடுக்கிற நூறில் எண்பதுக்கு வாங்கிவிட்டு இருபதை மறைப்பது, பால் கணக்கில் பத்து, பழைய பேப்பர் போட்ட காசு. 2016 நவம்பர் 8 ராத்திரி டிவியில் 500, 1000 செல்லாது என்று சொன்னபோது நான் ஊரில்தான் இருந்தேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் என்னை உள்ளே கூப்பிட்டு அரிசி டின்னுக்குள் கையை விட்டார். முழங்கை வரை அரிசி மாவு. ஒரு மஞ்சள் பையில் சுருட்டிச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்ட நோட்டுகள், ஒவ்வொன்றிலும் வசம்பு வாசனை. எண்ணினோம். 23,500. எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள், சில்லறை சேரச் சேரக் கடையில் கொடுத்துத் தாளாக மாற்றி வைத்திருக்கிறார். பேங்குக்குப் போக வேண்டுமே, அப்பாவிடம் சொல்லாமல் முடியாது. அப்பா கொஞ்ச நேரம் அந்தப் பையையே பார்த்தார்.

"போன வருஷம் கிணத்து மோட்டார் காயில் போனப்ப காசு இல்லேன்னு சொன்னியேடி."

"இல்லேன்னு சொன்னதாலதான் இருக்கு" என்றார் அம்மா.

அதற்கு மேல் அப்பா பேசவில்லை. பணம் அவர் பெயரில் இருந்த கணக்கில் போடப்பட்டது. வேறு யார் பெயரில் கணக்கு இருந்தது அந்த வீட்டில்? பொங்கலுக்குள் அது களத்துச் செலவோடு செலவாகக் கரைந்தும் போனது. பதினோரு வருஷம் சேர்த்ததாம். அம்மா அழவில்லை, கோபப்படவும் இல்லை, மாசியிலிருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டார், இந்த முறை நூறு ரூபாய்த் தாள்களாக. டின் மட்டும் மாறிவிட்டது. எந்த டின் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன், அப்பாவும் முகநூலில் இருக்கிறார்.

அந்த வீடியோ தம்பிக்கு நான் குழுவிலேயே பதில் போட்டேன். முதல் வழியாக, வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரு மாதம் தங்கள் தங்கள் செலவை ஒரே நோட்டில் எழுதட்டும், சிகரெட், டீ, பெட்ரோல் உட்பட என்று. மூன்று அண்ணிகள் இதயம் போட்டார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து இதுவரை சத்தமில்லை.

எங்கள் வீட்டில் நோட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது, பேனாவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். வீட்டுக்காரர் முதலில் முணுமுணுத்தார். நேற்று ராத்திரி டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து அவரே எழுதினார்: 431, ரீடிங் எடுக்க இன்னும் ஒன்பது நாள். எழுதிவிட்டு, "இன்னைக்கு ஏசி போடலாமா, வேண்டாமா?" என்று என்னைக் கேட்டார். அத்தைக்கு வேர்க்கிறதாம், போடு என்றார். பெரியவள் வேண்டாம் என்றாள். சின்னவன் தூங்கிவிட்டான்.