அந்தத் துணி உருவங்களையும் சொல்லியிருக்கலாம்

சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா என்றாலே எல்லோரும் அவர் செய்த அந்த 9 மீட்டர் உயர எஃகுச் சிலந்திச் சிற்பத்தைத்தான் பேசுகிறோம். அவரைப் பற்றி இங்கே வந்திருக்கும் கட்டுரையும் அந்தச் சிலந்தியிலேயே நின்றுவிட்டது. 1999-இல் அவர் அதைச் செய்தது, சித்திரம் நெய்த பழைய திரைச்சீலைகளைப் பழுதுபார்த்து வந்த தன் அம்மாவை நினைத்து. சரி. ஆனால் 80 வயதைத் தாண்டிய பிறகு தன் பழைய உடைகளையும் படுக்கை விரிப்புகளையும் வெட்டித் தைத்து உடல்களும் தலைகளும் செய்தாரே, என்னை உலுக்கியது அவைதான். உடுத்திய துணியில் உடம்பின் வடிவம் ஏற்கெனவே தங்கியிருக்கிறது, உளி வைத்து அதை வரவழைக்க வேண்டியதில்லை. தையலையும் மறைக்கவில்லை, காயத்துக்குப் போட்ட தையல் மாதிரி வெளியே தெரிய விட்டிருக்கிறார். அம்மா பிடித்த ஊசி அத்தனை வருஷம் கழித்து மகள் கைக்கு வந்திருக்கிறது என்று நினைத்தால் தொண்டை அடைக்கிறது. அந்தத் தலைகளின் படம் ஒன்றாவது இங்கே சேருங்கள்.