மரம் வந்தால் கல்லும் வருமாம்!

இனிமேல் யாராவது என்னிடம் வந்து, "உங்களுக்குத்தான் மரம் செதுக்க வருமே, கல்லெல்லாம் ஒரு விஷயமா?" என்று கேட்டால், கராஜ் மூலையில் கிடக்கும் 14 கிலோ கல்லைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிடுவதாக இருக்கிறேன். கையில் ஒரு உளியையும் கொடுத்து, "இந்தாங்க, மூக்கை மட்டும் எடுத்துக் காட்டுங்க, நான் டீ போட்டுட்டு வர்றேன்" என்று சொல்லப்போகிறேன்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 11 வருடமாக மரம் செதுக்குகிறேன். தொழில் இல்லை. வாரம் முழுக்கக் கணினி முன்னால் மரத்துப்போகும் கைக்குச் சனிக்கிழமை வைத்தியம், அவ்வளவுதான். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் கவுரி மரத் துண்டுகளில் (ஆமாம், நம் வீட்டுப் பெண் பெயர் மாதிரியேதான்) முதலில் கரண்டி செய்தேன், அப்புறம் மயில், கொஞ்சம் தைரியம் வந்தபின் யானை. பார்த்தவர்கள் நன்றாயிருக்கிறது என்றார்கள். நானும் நம்பினேன். வினை அங்கே ஆரம்பித்தது.

இந்த ஊரில் உளி பிடிப்பவனுக்கு இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குக் கல்லையும் செதுக்கும் ஆசை வரத்தான் செய்யும். எங்கே திரும்பினாலும் இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் செதுக்கு வேலை. அதற்கு மேல், கடலுக்கு அந்தப் பக்கத்துத் தீவுகளின் கல் திக்கிகள், அதாவது மனித உருவச் சிலைகள். (டிக்கி என்று எழுதினால் கார் டிக்கி ஆகிவிடுகிறது, அதனால் திக்கி.) அப்போதுதான் அந்த வீடியோ கண்ணில் பட்டது. "பாலினீசிய பாணிக் கல் சிற்பம், மர வேலை தெரிந்தவர்களுக்கு இரண்டே வார இறுதி." பன்னிரண்டே நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் மொட்டைக் கல். முரசு அடிக்கிறது, கேமரா கடலைப் பார்க்கிறது, திரும்பி வந்தால் கல்லுக்குக் கண், மூக்கு, வாய் எல்லாம் வந்துவிட்டது! அந்த முரசுச் சத்தத்துக்குள் எத்தனை வாரம் போயிருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

முதல் கோபம் அந்தப் "பாணி" என்ற சொல்லின் மேல். ஹவாய், நியூசிலாந்து, ராப்பா நூயி (ஈஸ்டர் தீவு) மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் வரும் முக்கோணம்தான் பாலினீசியா. ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்குப் பறந்து போய்த் திரும்பி வந்தாலும் அந்தத் தூரம் வராது. அவ்வளவு பெரிய கடலில் தீவுக்குத் தீவு முகம் மாறுகிறது. மார்க்கேசஸ் திக்கிக்குக் கண் இரண்டும் சாஸர் மாதிரி, வாய் காது வரை, கை இரண்டும் வயிற்றின் மேல். மாவோரி மக்கள் கழுத்தில் அணியும் ஹெய் திக்கிக்குத் தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ராப்பா நூயியின் மோவாய்க்கு நீண்ட மூக்கும் கனத்த புருவமும். (மோவாய்க் கட்டை முன்னே நிற்கும் சிலைக்கு மோவாய் என்றே பெயர் இருப்பது தற்செயல். யாரும் உடனே குமரிக்கண்டத்தைக் கிளப்ப வேண்டாம்.) நான் காசு கொடுத்து இறக்கிய மாதிரித் தாளில் இவை எல்லாம் ஒரே முகத்தில் இருந்தன. மார்க்கேசஸ் கண், ராப்பா நூயி மூக்கு, ஹவாய் வாய், கன்னத்தில் மாவோரிச் சுருள். சோழர் தூணில் மொகலாய வளைவை வைத்து அதன் மேல் கேரள ஓடு வேய்ந்து, "இந்திய பாணி" என்று விற்றால் நாம் சும்மா இருப்போமா?

அலுவலகத்தில் மாவோரி நண்பர் ஒருவர் இருக்கிறார். தாளை அவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது யார்?" என்று கேட்டார். யார் என்றால்? எனக்குப் புரியவில்லை. அவர்களுடைய கூடத்தில் நிற்கும் செதுக்கு உருவங்கள் ஒவ்வொன்றும் ஒரு மூதாதை; பெயர் உண்டு, வம்சம் உண்டு. முகத்துச் சுருள் அலங்காரம் இல்லை, ஆளின் அடையாளம். "கற்றுக்கொள்ளச் செதுக்குவதில் தப்பில்லை. ஆனால் யாரோ ஒருவருடைய தாத்தாவைத் தெரியாமல் செதுக்கிவிடாதே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கன்னத்துச் சுருளை அன்றே அழித்தேன். பச்சைக்கல்லில் செதுக்கிப் பார்க்கும் எண்ணத்தையும் விட்டேன். தெற்குத் தீவின் பவுனாமு கல் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஙாய் தாஹு என்ற மாவோரி இனக்குழுவின் உடைமை. (நாம் பள்ளிக்கூடத்தோடு மறந்துவிட்ட ங இங்கே பெயர்களுக்கு முதலெழுத்தாக நிற்கிறது.) அதோடு, எஃகுக்குச் சமமாக மல்லுக்கு நிற்கும் கல் அது. மணற்கல்லில் தண்ணீரும் மணலும் விட்டுத் தேய்த்துத் தேய்த்தே அந்தக் காலத்தில் அறுத்திருக்கிறார்கள். எனக்கு ஏது அந்தப் பொறுமை? எனக்கு இரண்டு வார இறுதி என்றல்லவா சொல்லியிருந்தார்கள்!

சரி, மோவாய் செய்யலாம் என்று முடிவெடுத்தேன். ஆக்லாந்து முழுக்கவே எரிமலை பூமி. சுற்றுச்சுவரிலிருந்து தோட்டம் வரை பசால்ட் என்ற கெட்டியான எரிமலைக் கல்தான். தோட்டக் கல் விற்கும் இடத்தில், "இதில் மோவாய் செதுக்கலாமா?" என்று கேட்டேன். "தாராளமாக!" என்றார் அந்த மனிதர். விற்கிறவர் வேறு என்ன சொல்வார்? தூக்கிக்கொண்டு வந்தேன்.

முதல் அடியிலேயே என்னுடைய நல்ல உளி ஒன்றின் வாய் பிறை மாதிரிப் பெயர்ந்தது. அதற்குத் தனிக் கோபம் வேண்டாம், அது என் புத்தி. மர உளியைக் கல்லில் வைக்கக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓர் அடி, ஒரே ஓர் அடி, அடித்துப் பார்த்தேன். அப்புறம் டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த கல் உளிகள் நான்கு வாங்கினேன், 86 டாலர். இரண்டு சனிக்கிழமை அடித்தேன். கண்குழி என்று நான் நினைத்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெள்ளையாய் ஒரு தழும்பு. அவ்வளவுதான் மகசூல்.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ராப்பா நூயியின் மோவாய்களில் பெரும்பாலானவை பசால்ட்டே இல்லை! ரானோ ராராக்கு என்ற எரிமலை வாயில் கிடைக்கும் டஃப், அதாவது சாம்பல் இறுகி உண்டான மெத்தென்ற கல். பசால்ட் அங்கே என்ன வேலைக்கு? அதுதான் தோக்கி, டஃப்பைக் கொத்துகிற கைக்கருவி. அவர்கள் உளியாகப் பிடித்த கல்லை நான் சிலையாக்கப் புறப்பட்டிருக்கிறேன். அருவாளைச் சீவி உள்ளே இளநீர் தேடியவன் கதை. அந்த மெத்தென்ற கல்லிலேயே சுமார் 400 சிலைகள் முடிந்தும் முடியாமலும் இன்னும் அந்த மலையிலேயே நிற்கின்றன, கிடக்கின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பசால்ட்டில் செய்த மோவாய் வெகு சிலவே. அவற்றில் ஒன்றான ஹோவா ஹக்கனனாயியாவை 1868-இல் ஆங்கிலேயக் கப்பல் தூக்கிப்போய், இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வீடியோக்காரர் மாதிரிக்குக் காட்டியது அந்தப் படத்தைத்தான். இது விதிவிலக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா?

பசால்ட்டை யாரும் வேலை செய்ததில்லை என்றும் இல்லை. ஹவாயில் சேப்பங்கிழங்கை இடித்து 'போய்' என்ற களி செய்வார்கள். அந்த இடிகல், நம் குழவிக்கு ஒன்றுவிட்ட தம்பி, பசால்ட்தான். அதைச் செதுக்கவில்லை. கல்லால் கல்லைக் கொத்திக் கொத்தி, பொடிப் பொடியாக உதிர்த்து உருட்டியிருக்கிறார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஒரு குரல் காதில் விழுந்தது. "அம்மி கொத்தலையோ... ஆட்டுக்கல் கொத்தலையோ..."

எங்கள் தெருவில் வருவாரே அந்த அம்மா! திண்ணைக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, சின்ன உளி, சின்னச் சுத்தி, டொக்கு டொக்கு என்று ஒரே தாளம். அரை மணியில் அம்மி முழுக்கப் புள்ளி விழுந்துவிடும். நான் பக்கத்தில் உட்கார்ந்து தெறிக்கிற பொறியைத்தான் பார்த்தேன், அவர் கையைப் பார்க்கவில்லை. இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அந்த உளி சாயவே சாயாது. கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிற்கும். என் கைதான் 11 வருடமாக உளியைச் சாய்த்துச் சாய்த்தே பழகியது. மரத்தில் சாய்த்தால்தான் சீவல் சுருண்டு வரும். இந்தக் கல்லில் சாய்த்தால் முனை வழுக்கிப் போய் இடது கைப் பெருவிரலில் நிற்கும். இரண்டு முறை நின்றது. "மரம் வந்தால் கல்லும் வரும்" என்றார்களே, மரம் வந்ததுதான் ஐயா இங்கே இடைஞ்சல்! ஒன்றுமே தெரியாதவன் கைக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை.

பசால்ட்டோடு சமாதானம் செய்துகொண்டு ஓஅமாரு கல்லுக்குப் போனேன். தெற்குத் தீவின் வெண்ணிறச் சுண்ணாம்புக்கல். கைரம்பத்திலேயே அறுபடும். மைசூர்பாகு மாதிரி இறங்கியது உளி. இரண்டே சனிக்கிழமையில் மார்க்கேசஸ் சாயலில் ஒரு முகம் வந்துவிட்டது, கீழே தொப்பையும் கையும். வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கூப்பிட்டிருக்கக் கூடாது. மூன்றாவது சனிக்கிழமை, மரத்தில் செய்வது மாதிரியே மூக்குக்கு அடியில் நன்றாகக் குடைந்தேன். நிழல் விழ வேண்டாமா? ஒரு தட்டு. பெரிய தட்டுகூட இல்லை. மூக்கு கழன்று என் செருப்பின் மேல் விழுந்தது.

மரத்துக்கு நார் உண்டு. நீளவாக்கில் நார் ஓடுகிற மாதிரிப் பார்த்து வைத்தால் நாக்கை நீட்டலாம், வாலை நீட்டலாம். கல்லுக்கு நார் இல்லை. மேலே எவ்வளவு பாரம் ஏற்றினாலும் தாங்கும். இழுத்தாலோ வளைத்தாலோ பொட்டென்று விட்டுவிடும். அதற்கப்புறம்தான் மார்க்கேசஸின் ஹிவா ஓவா தீவில் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தகாயீ என்ற திக்கியின் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். கழுத்து கிடையாது. கை உடம்போடு ஒட்டியே கிடக்கிறது. கால் குட்டை, தடி. துருத்திக்கொண்டு எதுவும் இல்லை. அவர்கள் அப்படிச் செய்ததற்கு நமக்குத் தெரியாத ஆயிரம் அர்த்தம் இருக்கலாம். ஆனால் மூக்கு கழன்றவன் கண்ணுக்கு அதில் கல்லின் புத்தியும் தெரிகிறது. என் மாதிரித் தாளை வரைந்தவர் எந்தக் கல்லையும் தொட்டதில்லை என்பதும் தெரிகிறது.

வாங்கும்போதே தட்டிப் பார்த்திருக்க வேண்டுமாம். கணீரென்றால் நல்ல கல், சத்தம் செத்திருந்தால் உள்ளே கீறல். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்கிய வீட்டில் பிறந்தவன் நான். இதை இன்னொருத்தர் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது பாருங்கள், அந்த வெட்கம் வேறு. மூக்கைப் பசை போட்டு ஒட்டினேன். மரமென்றால் தெரியாது. வெள்ளைக் கல்லில் பசைக்கோடு அரும்பு மீசை மாதிரி விழுந்தது.

இன்னொன்றையும் திட்டிவிடுகிறேன். அந்த வீடியோக்காரர் முகத்தில் ஒரு துணிகூட இல்லாமல், சொட்டுத் தண்ணீர் விடாமல், கிரைண்டரைக் கல்லில் வைத்துப் புழுதி கிளப்புகிறார். மரத்தூளும் சாது இல்லைதான். ஆனால் சிலிக்கா உள்ள கல்லின் பொடி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. அதனால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தால் திருப்பி அனுப்ப மருந்தும் இல்லை. பக்கத்து ஆஸ்திரேலியாவில் சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லை 2024 ஜூலை 1 முதல் தடையே செய்துவிட்டார்கள், அறுத்த தொழிலாளர்கள் நுரையீரல் கெட்டுப்போனதால். அந்த வீடியோவுக்கு முரசு வாசிக்க நேரம் இருக்கிறது, "மாஸ்க் போடு, கல்லை நனை" என்று சொல்ல நேரம் இல்லை! நான் போட்டுக்கொண்டேன். நனைத்தேன். கராஜ் தரை முழுக்க மாவுக் கஞ்சி. "என்னங்க, இட்லி மாவைக் கொட்டிட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல்.

போன வாரம் ஊரிலிருந்து மாமியார் வந்தார். காலையில் கராஜ் பக்கம் போனால் அரும்பு மீசை திக்கியின் நெற்றியில் குங்குமம், காலடியில் இரண்டு செம்பருத்தி. பெரிய வயிறு, வயிற்றில் கை, குட்டைக் கால். அவர் வேறு என்ன நினைப்பார்? "ரொம்ப லட்சணமா வந்திருக்கு மாப்பிள்ளை. தும்பிக்கை எப்ப வைப்பீங்க?" என்று கேட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போனவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்குத் தலைகீழாக நடந்திருக்கிறது. குங்குமத்தைத் துடைக்கவும் மனம் வரவில்லை, சுண்ணாம்புக்கல் ஏற்கெனவே அதைக் குடித்துவிட்டது. பசால்ட்டை இப்போது கதவுக்கு முட்டாக வைத்திருக்கிறேன். அது அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. காசு அகலத் தழும்பில் மட்டும் நேற்று ராத்திரி உளியை நெட்டுக்குத்தாகப் பிடித்து ஒரு பத்து நிமிடம் கொத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் விளக்கைப் போட்டுவிட்டார்.