ஓர் அங்குலக் கணக்கு

தம்பி: ஒரு நாள்கூடத் தவறவில்லை, அக்கா. நீங்கள் இல்லாத பன்னிரண்டு நாளும் பன்னிரண்டு பூவாளி. சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன், வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள்.

அக்கா: எண்ணிவிட்டேன். கோடுகள் சரியாக இருக்கின்றன. செடிகள்தான் சரியாக இல்லை.

தம்பி: நீங்கள் எழுதி ஒட்டிவிட்டுப் போன சீட்டில் உள்ளபடிதான் செய்தேன். "மேட்டுப்பாத்திக்கு வாரம் ஓர் அங்குலம் நீர்" என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. நான் அளவுகோலை மண்ணில் செருகி, ஓர் அங்குலம் ஈரமாகும் வரை ஊற்றினேன். அதுவும் வாரத்திற்கு ஒரு முறை என்று நீங்கள் கேட்டதை நான் நாள்தோறும் செய்தேன். சொன்னதைவிட ஏழு மடங்கு செய்தவனைப் பாராட்ட வேண்டாம், குற்றவாளியைப் போலப் பார்க்காமலாவது இருக்கலாம்.

அக்கா: அங்குலம் என்றது நீரின் உயரத்தை. மழையை அளப்பதைப் போல. பாத்தியின் பரப்பு முழுவதும் ஓர் அங்குல உயரத்துக்கு நீரை நிறுத்தினால் எவ்வளவு ஆகுமோ அவ்வளவு. அந்த நீர் மணற்பாங்கான மண்ணில் ஏறக்குறைய ஓரடி ஆழம் வரைக்கும், களிமண்ணில் அதில் பாதிக்கும் இறங்கும். ஈரம் ஓர் அங்குலம் இறங்கினால் போதும் என்று நான் எங்கும் எழுதவில்லை.

தம்பி: சீட்டில் "உயரம்" என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்கலாமே?

அக்கா: சேர்த்திருந்தால் செடியின் உயரத்தை அளந்திருப்பாய்.

(அக்கா களைக்கொத்தை எடுத்து, பாத்தியின் நடுவில் ஒரு கீறு கீறுகிறார். மேலே அரை விரற்கடை அளவுக்கு மண் கறுத்து, பார்ப்பதற்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. அதற்குக் கீழே வெளிறிய பொடி. அந்தப் பொடியிலிருந்து ஓர் எறும்பு வெளியே வருகிறது, பிறகு பத்து எறும்புகள், பிறகு முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பம்.)

தம்பி: எறும்புகள் எப்போது வந்தன?

அக்கா: நீ ஊற்றத் தொடங்கிய பிறகுதான் வந்திருக்கும். பன்னிரண்டு நாள் நீர் ஊற்றிய பாத்தியில் முட்டை வைக்கும் அளவுக்கு அவற்றுக்கு உன்மீது நம்பிக்கை வந்திருக்கிறது.

தம்பி: சரி, கணக்காகவே பேசுவோம். பாத்தி நான்கடிக்கு எட்டடி. அதாவது ஏறக்குறைய 3 சதுர மீட்டர். அதன்மேல் ஓர் அங்குல நீர் என்றால் 75 லிட்டர். என் பூவாளி 10 லிட்டர் பிடிக்கும். ஏழு நாளைக்கு 70 லிட்டர். ஆக, வாரத்துக்கு நான் வைத்த பாக்கி வெறும் 5 லிட்டர்! அளவுகோலைத் தவறாகப் புரிந்துகொண்டும் நான் சரியான விடைக்கு வந்திருக்கிறேன், அக்கா.

(இந்த இடத்தில் தம்பியின் கணக்கில் பிழை இல்லை என்பதை எழுதுகிறவன் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். அவனுக்குச் சாதகமாக எழுதப்போகும் கடைசி வாக்கியமும் இதுதான்.)

அக்கா: ஒரே நாளில் 75 லிட்டர் இறங்குவதும், ஏழு நாளில் பத்துப் பத்தாக மேலே தெளிப்பதும் ஒன்றா? மேல்மண்ணில் மட்டும் நிற்கும் நீரை வெயிலும் காற்றும் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விடும். மறுநாள் நீ மறுபடியும் வெயிலுக்கு ஊற்றுகிறாய். வேர் எங்கே ஈரம் இருக்கிறதோ அங்கேதான் போகும். நீ மேலேயே ஈரத்தைக் காட்டிப் பழக்கிவிட்டதால் வேர்கள் மேலே ஏறி வந்து, நண்பகலில் சூட்டில் வேகின்றன. இது தரைப் பாத்தி அல்ல, நான்கு பக்கமும் பலகை அடைத்து மண் நிரப்பிய மேட்டுப்பாத்தி. நான்கு பலகைகளும் வெயிலில் காய்கின்றன, நீர் அடியில் விரைவாக வடிகிறது. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை ஊற்றினாலும் அடிவரை இறங்கும்படி ஊற்ற வேண்டும். வெயில் கடுமையாக இருந்தால் அந்த 75 லிட்டரும் போதாது.

தம்பி: ஆனால் நான் ஊற்றிய நீர் அடிவரை இறங்கியதே! பலகைக்கு அடியில் வழிந்து ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். பாத்தி நிரம்பிவிட்டது என்று அதைப் பார்த்துத்தான் நிறுத்தினேன்.

அக்கா: எந்த இடத்தில் வழிந்தது?

தம்பி: இதோ, இந்த ஓரத்தில். புல் செழித்திருக்கிறதே, அங்கே.

அக்கா: அந்தப் புல்லை நன்றாகப் பார்.

தம்பி: அழகாகத்தான் இருக்கிறது.

அக்கா: இருக்காதா? பன்னிரண்டு பூவாளியில் பெரும்பகுதியைக் குடித்த புல் அது. மண் காய்ந்தால் சுருங்கும். சுருங்கிய மண் பலகையை விட்டு விலகியிருக்கிறது, இந்த இடுக்கில் என் சுண்டுவிரல் போகிறது பார். அதிலும் இது மட்கிய உரம் கலந்த மண். ஒரு முறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் நீரை எளிதில் ஏற்காது. மேலே முத்து முத்தாக உருண்டு ஓரத்துக்கு ஓடும். நீ ஊற்றிய நீர் மண்ணை நலம் விசாரித்துவிட்டு, இடுக்கு வழியாக இறங்கி, புல்லிடம் போய்த் தங்கிவிட்டது.

தம்பி: ஆக, நான் நீர் ஊற்றவில்லை என்று நீங்கள் சொல்லவில்லை. புல்லுக்கு ஊற்றினேன் என்கிறீர்கள்.

அக்கா: புல்லுக்கும் பலகைக்கும். பலகை இந்த ஆண்டு துளிர்த்தாலும் வியப்பதற்கில்லை.

தம்பி: போகட்டும். நண்பகலில் செடிகள் தலையைத் தொங்கப்போட்டபோதெல்லாம் ஓடி வந்து அரைக் குவளை தெளித்தேனே, அது கணக்கில் சேராதா? மாலைக்குள் எல்லாம் நிமிர்ந்துவிட்டன.

அக்கா: காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. உச்சிவெயிலில் இலை வெளிவிடும் நீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது, அதனால் அகன்ற இலைகள் சற்றுத் துவளும். வெயில் தாழ்ந்தால் தாமாகவே நிமிரும். காலையில் எழுந்து பார்க்கும்போதே துவண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். முதல் வாரம் உன் அரைக் குவளை இல்லாமலும் அவை நிமிர்ந்திருக்கும். இரண்டாம் வாரம் அவை காலையிலேயே துவண்டிருக்கும், அப்போது நீ தூங்கிக்கொண்டிருந்திருப்பாய்.

தம்பி: நண்பகலில் ஊற்றினாலும் பொறுப்போடுதான் ஊற்றினேன். இலைமேல் நீர்த்துளி நின்றால் அது கண்ணாடிவில்லை போல வெயிலைக் குவித்து இலையைச் சுட்டுவிடும் என்று படித்தேன். அதனால் ஒவ்வோர் இலையையும் மெல்லிய துணியால் துடைத்தேன்.

அக்கா: எத்தனை இலைகளை?

தம்பி: எண்ணவில்லை. ஒரு மணி நேரம் ஆகும்.

அக்கா: வழவழப்பான இலைமேல் துளி படிந்து நின்றால் சுடாது என்று ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் 2010-இலேயே கணக்கிட்டும் சோதித்தும் எழுதிவிட்டார்கள். மெழுகுபோன்ற மயிர்கள் துளியை இலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தால் மட்டுமே அதற்கு வாய்ப்பு உண்டு. அது கிடக்கட்டும். ஒரு மணி நேரம் இலை துடைத்தவனுக்கு, ஒரு நொடி மண்ணைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லையே? இலையில் நீர் படக்கூடாது என்றால் வேரடியில் ஊற்றியிருக்கலாம். காலையில் ஊற்றியிருக்கலாம். தப்பித் தவறி இலை நனைந்தாலும் வெயிலில் காய்ந்துவிடும். இரவெல்லாம் இலை நனைந்து கிடந்தால்தான் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

தம்பி: தக்காளிக்கு நோய் வந்ததற்கும் நான்தான் காரணமா? காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்துவிட்டது. அது கிருமியின் வேலை.

அக்கா: அது கிருமியின் வேலை அல்ல. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் வருகிற அழுகல். மண்ணில் சத்து இருந்தாலும் அதைச் சுமந்து கொண்டுபோக நீர் ஒரே சீராக ஏற வேண்டும். ஒரு நாள் வறட்சி, ஒரு நாள் தெளிப்பு என்றால் காயின் கடைசி முனைக்கு ஒன்றும் எட்டாது. இனி நீ பயந்துபோய் ஒரே நாளில் குடம் குடமாகக் கொட்டினால், மிஞ்சியிருக்கும் பழங்கள் வெடிக்கும்.

தம்பி: குறைவாக ஊற்றினாலும் குற்றம், அதிகமாக ஊற்றினாலும் குற்றம். நீர் குறைந்தாலும் செடி வாடும், அதிகமாகி வேருக்குக் காற்று கிடைக்காவிட்டாலும் செடி வாடும் என்று நீங்களே ஒரு முறை சொன்னீர்கள். இரண்டு வாட்டமும் ஒரே மாதிரி இருந்தால் என்னைப் போன்றவன் எப்படித்தான் கண்டுபிடிப்பது?

அக்கா: அதற்குத்தான் விரல் இருக்கிறது. இரண்டு அங்குல ஆழத்துக்கு விட்டுப் பார்க்க வேண்டும். ஈரமாக இருந்தால் ஊற்றாதே, உலர்ந்திருந்தால் ஊற்று. இதற்குக் கரிக்கோடும் வேண்டாம், அளவுகோலும் வேண்டாம். ஆனால் ஒரு கையில் பூவாளி, மறு கையில் கைப்பேசி என்று நிற்கிறவனுக்கு விரலுக்கு எங்கே போவது? இன்று நான் வாசலில் வந்து இறங்கியபோதே பார்த்தேன். யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே, முகம் தெருப்பக்கம், பூவாளி பலகைப்பக்கம்.

தம்பி: அது முக்கியமான அழைப்பு.

அக்கா: பலகைக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

தம்பி: நேரம் குறித்துத் தானாகவே நீர் திறந்துவிடும் கருவி ஒன்றை வாங்கி மாட்டிவிடலாமே, அக்கா? யாருக்கும் தொல்லை இல்லை.

அக்கா: மாட்டலாம். சொட்டுநீர்க் குழாயோடு சேர்த்து மாட்டினால் நல்லதுதான், மெதுவாக வேரடியில் இறங்கும். ஆனால் அதுவும் உன் இனம். மழை பெய்துகொண்டிருக்கும்போதும் ஆறு மணி என்றால் ஆறு மணிக்குத் திறந்து, கடமையை முடித்துவிட்டேன் என்று மூடிக்கொள்ளும். வாரம் ஒரு முறையாவது ஒருவர் விரலை விட்டுப் பார்க்கத்தான் வேண்டும். அதைவிட, மெருகு பூசாத மண்பானை ஒன்றைக் கழுத்துவரை பாத்தியில் புதைத்து நீர் நிரப்பி மூடி வைக்கலாம். மண் காய்ந்தால் பானை கசியும், மண் நனைந்திருந்தால் அடக்கிக்கொள்ளும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனாவில் எழுதிவைத்த முறை. பானைக்கு அழைப்புகளும் வருவதில்லை.

தம்பி: இவ்வளவு கடுமையாகப் பேச வேண்டுமா? அக்கறை இல்லாமலா நாள்தோறும் வந்து ஊற்றினேன்?

அக்கா: அக்கறை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஊற்றினாயா என்று கேட்டால் ஊற்றினேன் என்கிறாய், சேர்ந்ததா என்று கேட்டால் கோட்டைக் காட்டுகிறாய். அம்மாவிடம் நீ நாள்தோறும் பேசுவதும் இதே கணக்குத்தான். ஒரு நிமிடம், "நலமா?", அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவாய். அங்கேயும் கோடு மட்டும் விழுந்துவிடும்.

(தம்பி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.)

தம்பி: புல் நன்றாகத்தான் இருக்கிறது.

அக்கா: பேச்சை மாற்றாமல் பூவாளியை நிரப்பு. முதலில் விலகிய மண்ணைக் கையால் பலகையோடு சேர்த்து அழுத்து. பிறகு ஒரு பூவாளி, மெதுவாக. அது ஊறும்வரை காத்திரு. காய்ந்த மண் முதல் வாய் நீரைத் துப்பும், இரண்டாம் வாயைக் குடிக்கும். அதன்பின் அடுத்தது. நான்காவது முடிந்ததும் கீறிப் பார்ப்போம். அடிவரை ஈரம் போய்ச் சேர்ந்த பிறகு காய்ந்த இலைகளை இரண்டு மூன்று அங்குலத்துக்கு மூடாக்காகப் பரப்பு. தண்டை ஒட்டிக் குவித்துவிடாதே.

தம்பி: ஒவ்வொரு பூவாளிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

அக்கா: மேலே தேங்கிய நீர் உள்ளே மறையும் வரை. கைப்பேசியை என்னிடம் கொடு.

(கைப்பேசி கைமாறுகிறது. நான்கு பூவாளி இறங்குகிறது. பலகையின் அடியில் ஒரு சொட்டுகூட வழியவில்லை. தம்பி அதையே இரண்டு முறை குனிந்து பார்க்கிறான்.)

தம்பி: கீழே வழியவில்லையே, அக்கா. நின்றுவிட்டதா?

அக்கா: பன்னிரண்டு நாளில் முதல் தடவையாகச் சரியான இடத்துக்குப் போகிறது. விரலை விட்டுப் பார். மேலே தொடாதே, உள்ளே விடு. இன்னும் ஆழமாக.

தம்பி: மேலே குளிர்ச்சியாக இருக்கிறது... நடுவிலும் ஈரம்தான்... ஐயோ!

அக்கா: என்ன?

தம்பி: எறும்பு கடித்துவிட்டது.

அக்கா: அப்படியானால் அடியில் இன்னும் காய்ந்துதான் இருக்கிறது. ஐந்தாவது பூவாளியை எடுத்து வா.