அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரை நிம்மதியாக இருக்க விடுங்கள்

2025 ஏப்ரலில் சனிக்கிழமை நடந்த அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அரையிறுதியை விளக்க வேண்டியதில்லை, எல்லோரும்தான் பார்த்தோம். இன்னும் 35 வினாடி, ஆறு புள்ளி முன்னிலை. அப்படியும் நம் டியூக் அணி ஹூஸ்டனிடம் 70-67 என்று தோற்றது. எனக்கும் தூக்கம் வரவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்த ஐந்தாவது நிமிடமே என் பதிவின் கீழ் ஒருவர் எழுதினார்: "கோச் கே இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?" கோச் கே என்றால் 2022-இல் ஓய்வு பெற்ற டியூக்கின் பழைய பயிற்சியாளர் மைக் ஷஷெஃப்ஸ்கி. அந்தக் கேள்விக்கு நாற்பது விருப்பக்குறிகள். என் நெருங்கிய நண்பர்களும் அதில் இருக்கிறீர்கள். அதுதான் வலிக்கிறது.

நடந்திருக்கும். நடந்தும் இருக்கிறது. 2012-இல் லீஹை, 2014-இல் மெர்சர். பலர் பெயரே கேட்டிராத கல்லூரிகளிடம் தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே தோற்றது அவருடைய அணிதான். அதற்கும் முன்னால் போனால், டியூக்கில் அவருடைய முதல் மூன்று ஆண்டுக் கணக்கு 38 வெற்றி, 47 தோல்வி. 1983-இல் வர்ஜீனியாவிடம் 109-66 என்று தோல்வி. அவரை அனுப்பிவிடச் சொல்லிப் பழைய மாணவர்கள் கொதித்தார்கள். விளையாட்டுத் துறை இயக்குநர் டாம் பட்டர்ஸ் அசையவில்லை. முதல் தேசியக் கோப்பை வந்தது 1991-இல், பதினோராவது பருவத்தில். கேவுக்குக் கிடைத்த அந்தப் பொறுமையில் பாதியாவது அவருக்குப் பின் பயிற்சியாளராக வந்த ஜான் ஷயருக்குக் கொடுக்கக் கூடாதா?

"அவர் ஒன்றுமில்லாததிலிருந்து கட்டினார், இவருக்கு எல்லாம் தயாராகக் கிடைத்தது" என்பீர்கள். எது தயாராக இருந்தது? 2021-க்குப் பிறகு வீரர்கள் பணம் வாங்கலாம், ஓராண்டு காத்திராமல் வேறு கல்லூரிக்கு மாறலாம். ஆண்டுதோறும் புது அணி கட்ட வேண்டியிருக்கிறது. வில்லனோவா கல்லூரியைப் பாருங்கள். இரண்டு கோப்பை வென்ற பயிற்சியாளர் ஜே ரைட் 2022-இல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்தவர் மூன்று ஆண்டில் ஒருமுறைகூட தேசியப் போட்டிக்குள் நுழைய முடியாமல் வேலையிழந்தார். ஷயர் 2024-25 பருவத்தில் 35 ஆட்டங்களை வென்றார். முப்பத்தைந்து!

கடைசி வினாடிகளில் தவறு நடந்தது, ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தவறைப் பேசுங்கள். போனவரின் பெயரைத் தூக்கி இருப்பவரின் தலையில் அடிக்காதீர்கள்.

கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ கல்லூரியில் பயிற்சியாளர் ஜான் வுடன் பத்துக் கோப்பைகளோடு 1975-இல் விடைபெற்றார். அடுத்து வந்த ஜீன் பார்டோ இரண்டு பருவங்களில் 52 வென்றார், 9 தோற்றார். வேறெந்தக் கல்லூரியானாலும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடியிருக்கும். அங்கே ஏச்சுதான் கிடைத்தது. 1977-இல் அவராகவே விலகிப் போனார். அதன்பின் அந்தக் கல்லூரி வென்றது ஒரே ஒரு கோப்பை, 1995-இல்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். மதுரையில் ஒரு பள்ளியில் முப்பது ஆண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு என்னை நியமித்தார்கள். ஆசிரியர் அறையில் ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. முதல் நாள் அதில் உட்கார்ந்தேன். "அது சாருடைய இடம்" என்றார் ஒருவர், மெதுவாகத்தான். எழுந்துவிட்டேன். அரையாண்டுத் தேர்வு வரை ஜன்னல் திண்டில் நோட்டுக்கட்டை வைத்து நின்றபடியே திருத்தினேன். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரவும் இல்லை.

சனிக்கிழமை இரவு உங்கள் நாற்பது விருப்பக்குறிகளைப் பார்த்தபோது எனக்கு அந்த நாற்காலிதான் கண்ணில் பட்டது. அந்தத் தோல்வியின்போது ஷயருக்கு வயது 37. முதல் கோப்பையைத் தூக்கியபோது கேவுக்கு 44.