மதிப்பெண்ணை மட்டும் ஒட்டிவிட்டுப் போகாதீர்கள்

மருத்துவக் கல்லூரிகளில் இன்டர்னல் செய்முறைத் தேர்வு முடிந்ததும் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படும். பதிவெண்ணுக்கு நேரே மதிப்பெண் இருக்கும், வேறொன்றும் இருக்காது. குறைந்த மதிப்பெண் வாங்கியவருக்கு எங்கே தவறினோம் என்று தெரியாது. நல்ல மதிப்பெண் வாங்கியவருக்கும் தெரியாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை, ஏனெனில் தேர்ச்சி பெற்றவரின் தவறு அவர் ஹவுஸ் சர்ஜனாகும்போதும் கூடவே வருகிறது.

ஈரல் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். வலது அடிவயிற்றில் கையை வைத்து, நோயாளி மூச்சை இழுக்கும்போதெல்லாம் விரல் நுனியில் ஏதேனும் தட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே மேலே வர வேண்டும். நேரம் போகிறதே என்ற பதற்றத்தில் பலர் விலா எலும்பின் ஓரத்திலேயே தொடங்கிவிடுகிறார்கள். ஈரல் பெரிதாக வீங்கியிருந்தால் அவர்களின் கை அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். விளிம்பு கீழே எங்கோ இருக்க, "ஈரல் தட்டுப்படவில்லை, சார்" என்பார்கள். இதற்கு அரை மதிப்பெண் குறைத்தால் அந்த மாணவருக்கு என்ன புரியும்? கையைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்துக் காட்டினால் ஒரு நிமிடத்தில் முடிகிற விஷயம் இது.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சகாக்களும் 1975இல் அறிமுகப்படுத்திய ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வு முறையில், மாணவர்கள் வரிசையாகப் பல நிலையங்களுக்குப் போய் ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்து காட்டுவார்கள்; ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு செக்லிஸ்ட் உண்டு. எந்த நோயாளி வாய்ப்பார், எந்தத் தேர்வாளர் அமைவார் என்ற, ஒரே நோயாளியை முழுமையாகப் பரிசோதித்துச் சொல்லும் லாங் கேஸ் தேர்வின் அதிர்ஷ்டத்தைக் குறைப்பதற்காக வந்த ஏற்பாடு அது. மாணவர் எதைச் செய்தார், எதை விட்டார் என்பதெல்லாம் அந்தத் தாளில் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கிறது. கூட்டல் முடிந்ததும் அதைக் கட்டிப் பீரோவில் வைத்துவிடுகிறோம். 2019 முதல் எம்பிபிஎஸ் படிப்புக்குத் திறன்சார் பாடத்திட்டம் வந்த பிறகும் பல துறைகளில் இந்த வழக்கம் மாறவில்லை.

"இன்னும் நன்றாகப் படிக்க வேண்டும்" என்பதைப் பின்னூட்டமாக நான் கருதுவதில்லை. முதலில் இரண்டு பாராட்டு, நடுவில் ஒரு குறை, கடைசியில் இன்னொரு பாராட்டு என்று அடுக்கும் முறையிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், "ஆனால்" எப்போது வரும் என்றே காத்திருப்பார்கள். எது சரியாக வந்தது, எங்கே தடுமாறினாய் என்று மாணவரையே முதலில் சொல்ல வைப்பது மேல். அதையும் நோயாளியின் முன்னாலோ சக மாணவர்களின் முன்னாலோ கேட்கக் கூடாது. கைச்சூடு எப்படி இருந்தது, சொல்லிவிட்டுத்தான் தொட்டாரா என்பதை நோயாளியிடமும் கேட்கலாம்.

நூற்றைம்பது பேருக்கு நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானதுதான். தனித்தனியே முடியாவிட்டால், பலரும் செய்த தவறுகளைத் தொகுத்து மறுநாள் ஒரு மணி நேர வகுப்பில் செய்து காட்டலாம். அடுத்த ஆண்டு மாணவர்களுக்குக் கேள்விகள் கசிந்துவிடும் என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வயிற்றுப் பரிசோதனை வரும் என்று சீனியர் சொல்ல, ஜூனியர் ஒரு மாதம் வார்டில் வயிற்றையே பரிசோதித்துப் பழகினால், அதில் நமக்கு என்ன நஷ்டம்?