பகல் பதினொரு மணிக்கு எரியும் தெருவிளக்கு

எங்கள் தெருவில் பகல் பதினொரு மணிக்கும் விளக்கு எரியும். ஒரு சுவிட்சைப் போட்டால் நாற்பது எல்இடி, ஒவ்வொன்றும் 20 வாட். போன மாதம் ஒருநாள் சும்மா உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பகல் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் 9.6 யூனிட். மாதத்துக்கு 288, ரெண்டு மாதத்துக்கு 576. வீட்டில் பில் 500 யூனிட்டைத் தாண்டிவிடக் கூடாதென்று, ரீடிங் எடுக்க வரும் வாரத்தில் ஏசி ரிமோட்டை ஒளித்து வைக்கிற குடும்பம் எங்களுடையது. வாசலில் அதைவிட அதிகமாக வெயிலுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

கிராம சபையில் இதைக் கேட்கலாம் என்று போனேன். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைக் காட்டும் படிவம் 30-ஐ ஊராட்சிச் செயலர் ஒரே மூச்சில் வாசித்தார். மின் கட்டணம் ஒரு வரியில் போய்விட்டது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்புறம் செலவைக் குறைப்பது பற்றிப் பேச்சு வந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "குப்பை எடுக்குற ஆளுங்கள்ல ரெண்டு பேரைக் குறைங்க" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். சிக்கனம் என்றாலே நம் கை முதலில் போவது இருப்பதிலேயே குறைந்த சம்பளக்காரரின் மடிக்குத்தான். ஊரில் உருப்படியாக நடக்கிற வேலையே அந்தக் குப்பை வண்டி ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

மீட்டரை ஏன் யாரும் பார்ப்பதில்லை? ஊராட்சியின் இரண்டாம் கணக்கு என்று ஒன்று உண்டு. மாநில அரசு உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கும் மாநில நிதிக்குழு மானியத்தில் ஒரு பங்கு அதற்குள் வரும். அங்கிருந்து மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்டணமாகப் போகும். நாம் கட்டும் வீட்டு வரியிலிருந்து எடுத்துக் கொடுப்பதாக இருந்தால் கையைக் கடிக்கும், நாலு பேர் கேள்வி கேட்பார்கள். இது மேலேயிருந்து வந்து பக்கவாட்டில் போய்விடுகிற பணம். மிச்சம் பிடித்தால் நம் தெருவுக்கு என்ன கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் யார் மெனக்கெடுவார்கள்?

டேங்க் ஆபரேட்டரிடமும் பேசிப் பார்த்தேன். மோட்டார் போடுவது, வால்வு திருப்புவது, குளோரின் கலப்பது, சாயங்காலம் விளக்குப் போடுவது எல்லாம் அவர் ஒருவர்தான். "டைமர் போயி ஆறு மாசமாச்சுண்ணே, எழுதிக் குடுத்தாச்சு" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே தொட்டி நிரம்பி வழிந்தது. ஏழரை ஹெச்பி மோட்டார். அரை மணி நேரம் வழிந்தால் மூன்று யூனிட் கிட்டத்தட்டப் போச்சு. கீழே திருகு இல்லாத தெருக்குழாயில் ஒரு மூங்கில் குச்சியைச் சொருகி வைத்திருக்கிறார்கள். அதிலும் ஒழுகுகிறது. ஒழுகுவதைத் தண்ணீராக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். அதை மேலே ஏற்றிய கரண்டும் சேர்ந்துதான் ஒழுகுகிறது.

2022-இல் சொத்து வரியை அரசு 25 முதல் 150 சதவீதம் வரை ஏற்றியபோது நகரத்துச் சொந்தக்காரர்கள் கொதித்தார்கள். நியாயம்தான். ஆனால் வரவு ஏறும்போது வருகிற கோபத்தில் கால்வாசி செலவைப் பார்த்தும் வர வேண்டாமா? எங்கள் பக்கம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து அரசு நியமித்த தனி அலுவலர் நிர்வாகம் வந்தது. 28 மாவட்டங்களில் இதே கதை. வீட்டு வாசலில் நின்று சண்டை போட ஆள்கூட இல்லாமல் போனது.

நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு இணைப்புக்கும் எத்தனை யூனிட், எவ்வளவு ரூபாய் என்று மாதாமாதம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள் என்றேன். டைமர் பெட்டி பற்றி எலக்ட்ரிக் கடையில் விசாரித்தேன். ஒன்றிரண்டு மாதக் கரண்டுக் காசுக்குள் முடியும் என்றார் கடைக்காரர். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். செயலர் எழுதினாரா என்று எட்டிப் பார்த்தேன். பேனா மூடியைக் கழற்றவே இல்லை.