குறட்டைக்கு ஓ.பி. சீட்டு

போன மாதம் ஒரு ராத்திரி கரண்ட் போனது. கீழ்வீட்டு அக்கா பையனை மொட்டை மாடியில் கொண்டுவந்து படுக்க வைத்தார். எட்டு வயது. கழுத்தைப் பின்னால் வளைத்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். குறட்டை சட்டென்று நின்றது. நெஞ்சுக்குழி மட்டும் உள்ளே இழுக்கிறது, மூச்சு வரவில்லை. எண்ணினேன். ஒன்பது, பத்து… திணறி ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் புரண்டு படுத்தான்.

"அவங்கப்பா மாதிரியே. அசந்து தூங்குறான் பாரு" என்றார் அக்கா.

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. என் மகளுக்கும் இதே கதைதான். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை, கூடவே டான்சில் வீக்கம். ராத்திரி முழுக்க மூச்சுக்குப் போராடும் பிள்ளை பகலில் எரிந்து விழும், வகுப்பில் கவனம் நிற்காது, சிலதுகள் படுக்கையை நனைக்கும். இந்தப் பையன் அதற்காக அடிகூட வாங்கியிருக்கிறான்.

அதற்காகக் குறட்டை விடும் எல்லாப் பிள்ளைக்கும் அந்தச் சதையை எடுக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூச்சுத் தடை இருந்த 464 பிள்ளைகளில் ஒரு பாதிக்கு ஆபரேஷன் செய்தார்கள், மறுபாதியை ஏழு மாதம் கவனித்து மட்டும் வந்தார்கள். ஆபரேஷன் ஆனவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தூக்கப் பரிசோதனை சரியாக வந்தது, சும்மா இருந்தவர்களிலும் 46 சதவீதம். ஆக, யாருக்குத் தேவை என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அங்கேதான் சிக்கல்.

எங்களுக்கு சாயங்கால கிளினிக், ஆபீஸ் இன்சூரன்ஸ். மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்தது. அக்கா பனியன் கம்பெனியில் வாரக் கூலி. அரசு மருத்துவமனையில் காசு வாங்கமாட்டார்கள், வாஸ்தவம். ஆனால் ஓ.பி. காலையில்தான். ஒரு தடவை போனால் ஒரு நாள் கூலி போச்சு. முதல் தடவை "சளிதான்" என்று சிரப் கொடுத்து அனுப்பினார்கள். பகலில் விழித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் குறட்டை எப்படித் தெரியும்? அடுத்த தடவை, தூங்கும்போது போனில் எடுத்த வீடியோவைக் காட்டச் சொன்னேன். இளம் டாக்டர் ஒருவர் இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு எக்ஸ்ரேவுக்கு எழுதினாராம்.

பள்ளிக்கூடத்துக்கு வரும் மருத்துவக் குழு கண்ணைப் பார்க்கிறது, பல்லைப் பார்க்கிறது. "ராத்திரி குறட்டை விடுவானா?" என்று அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்க என்ன செலவு? வாரத்தில் ஒரு நாளாவது சாயங்காலம் காது மூக்கு தொண்டை ஓ.பி. நடத்தினால் என்ன?

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். கூட ஒருவர் தங்க வேண்டும். சூப்பர்வைசர் ஒரு நாள்தான் லீவு தருவாராம். மற்ற நாளுக்கு நான் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.